லாரி இன்ஜின் ஏன் ஹீட் ஆகிறது, எந்தத் தெர்மோஸ்டாட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட் மீட்டர் முள் கொஞ்சம் மேலே ஏறினாலே பலரும் முதலில் கழற்றுவது தெர்மோஸ்டாட்டைத்தான். விலை குறைவு, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், இரண்டு மூன்று போல்ட்டில் வந்துவிடும். ஆனால் கோளாறு அங்கே இல்லையென்றால் புதியதைப் போட்டும் முள் ஏறும், அடுத்த ஏற்றத்தில் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போகும். கனரக டீசல் லாரி ஓட்டுபவர்களும் வைத்திருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் உள்ளே என்ன நடக்கிறது?

அது சூட்டுக்குத் திறக்கும் ஒரு கதவு. நடுவில் ஒரு சிறு பித்தளைக் குடுவை, அதற்குள் ஒருவகை மெழுகு. கூலன்ட், அதாவது இன்ஜினுக்குள் சுற்றி அதை ஆற்றும் திரவம், சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். மின்சாரம் இல்லை, வயர் இல்லை. சில புதிய இன்ஜின்களில் மட்டும் மெழுகைச் சூடாக்க உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்து கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். அப்போது கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் என்ற குறுக்கு வழியில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடேறிக் கதவு திறக்கத் திறக்க ரேடியேட்டருக்குப் போகும் அளவு கூடும். லாரி இன்ஜின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டின் கீழ்ப்பக்கம் இன்னொரு தட்டு உண்டு. மேலே கதவு திறக்கும்போது இது கீழே இறங்கி பைபாஸை அடைக்கும். இந்தக் கீழ்த்தட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு கேள்விக்கு விடையே இதில்தான் இருக்கிறது.

இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்?

பெரும்பாலான கனரக டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும், அதற்குமேல் சுமார் 10 டிகிரி ஏறியதும் முழுதாகத் திறக்கும். ஆக, லோடோடு ஏற்றத்தில் போகும்போது முள் 90-ஐத் தாண்டி நிற்பது கோளாறு இல்லை. எந்த அளவுக்கு மேல் எச்சரிக்கை வரும், எந்த அளவில் இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைக்கும் என்பது உங்கள் இன்ஜினின் கையேட்டில் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் கேபினில் ஓர் ஓரத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

முள் சிவப்பை நோக்கிப் போகிறது. அந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள். ஒரு கியர் இறக்கினால் இன்ஜின் சுற்று கூடும், வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், இன்ஜின் மேல் சுமை குறையும். ஏசியை அணைத்து கேபின் ஹீட்டரை முழுதாகத் திறந்து அதன் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். கேபின் அடுப்பு மாதிரி ஆகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர், அது கொஞ்சம் சூட்டை வெளியே எடுக்கும்.

பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகு, கூலன்ட் உள்ளே இருக்கிறது, எங்கும் கொட்டவில்லை என்றால் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். நியூட்ரலில் 1000 முதல் 1200 சுற்றில் சில நிமிடம் ஓடட்டும். சட்டென்று அணைத்தால் பம்ப் நின்றுவிடும், ஹெட்டைச் சுற்றியுள்ள கூலன்ட் நின்ற இடத்திலேயே கொதிக்கும், டர்போவும் சூட்டோடு நிற்கும். அப்படி ஓடவிட்டும் முள் இறங்காமல் ஏறினால் அணைத்துவிடுங்கள். கூலன்ட் கொட்டிப்போயிருந்தாலோ ஹோஸ் வெடித்திருந்தாலோ காத்திருக்கவே கூடாது, அந்த நொடியே அணைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடி. அப்புறம், காய்ந்து சூடேறிய இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் கீறல் விழும். ஆறட்டும்.

மீட்டர் காட்டுவதை நம்பலாமா?

முழுதாக நம்ப வேண்டாம், இரண்டு பக்கமும் ஏமாற்றும். சென்சாரோ எர்த் வயரோ கெட்டிருந்தால் சாதாரண சூட்டைச் சிவப்பில் காட்டும். இதைவிட ஆபத்தான பொய் ஒன்று உண்டு: கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் ஏறாமல் இருக்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். ஓட்டுநர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுவார். சூடேறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் நிறுத்திவிட்டு கூலன்ட் அளவைப் பாருங்கள்.

சரிபார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது குறைத்துக் காட்டும் என்பதால் அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு கேள்வி: எப்போது ஹீட் ஆகிறது? ஓட்டுநரிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். நான் பார்த்த வரை, இதைக் கேட்காமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்த்தவர்கள்தான் அதிகம் செலவழித்திருக்கிறார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் விர்ரென்று ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். கூலன்ட் குறைவாகவோ உள்ளே காற்று அடைத்தோ இருந்தாலும், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் இதே மாதிரி ஏறும்.

நெரிசலில், நின்று நின்று போகும்போது ஹீட் ஆகி, சாலையில் வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்போது காற்றோட்டம்தான் பிரச்சினை. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டர் வழியே வரும், நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன் கிளட்ச் (தேவைக்கேற்ப ஃபேனை இன்ஜினோடு இணைப்பது), ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள். கூண்டு உடைந்திருந்தால் ஃபேன் சுற்றிய காற்றையே மறுபடி சுற்றும்.

இதற்கு நேர்மாறாக, காலியாகப் போனால் ஒன்றும் இல்லை, லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் முள் ஏறுகிறது என்றால் அமைப்பின் மொத்த வலுவும் குறைந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வெளியே தூசி அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் விசிறி தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உள்ளிழுத்து ஒட்டிக்கொள்ளலாம், தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறக்கலாம். கீழ் ஹோஸுக்கு ஒரு சோதனை: வண்டியை நிறுத்தி வைத்து, உதவிக்கு ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லி, எட்ட நின்று ஹோஸைப் பாருங்கள். சப்பையாகப் போனால் அதை மாற்றுங்கள், கூடவே மூடியையும் சந்தேகப்படுங்கள்.

இறக்கத்தில் ஹீட் ஆகிறதென்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஹைட்ராலிக் ரிடார்டர் (சக்கர பிரேக் இல்லாமலே திரவத்தால் வேகத்தைக் குறைக்கும் கருவி) உள்ள வண்டிகளில் இது நடக்கும். ரிடார்டர் வண்டியைத் தடுத்து நிறுத்தும் சக்தி முழுவதும் சூடாக மாறி கூலன்டுக்குத்தான் போகிறது. இன்ஜின் சுற்று குறைவாக இருக்க ரிடார்டரை மட்டும் நம்பி நீண்ட இறக்கம் இறங்கினால் முள் ஏறும். கியரை இறக்கி சுற்றைக் கூட்டினால் பம்ப் ஈடுகொடுக்கும்.

இன்னொன்று, வேலை பார்த்து கூலன்ட் மாற்றி அனுப்பிய மறுநாளே ஹீட் ஆனால், பத்தில் எட்டு தடவை உள்ளே காற்று நிற்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தெர்மோஸ்டாட்தான் கெட்டது என்று கழற்றாமலே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். தெர்மோஸ்டாட்டிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அளவுகோலாக வையுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டை இன்ஜின் எட்டியதும் கொஞ்ச நேரத்தில் ஹோஸ் சூடேறும். மீட்டரும் தெர்மாமீட்டரும் 95-ஐத் தாண்டியும் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்தால் கதவு திறக்கவில்லை. ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே ஹோஸ் இன்ஜினோடு சேர்ந்து சூடேறினால் கதவு மூடவில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், கூலன்ட் உள்ளே வரும் வழியில் இருக்கும். அங்கே இந்தச் சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும்.

ஹோஸ் குளிர்ந்திருக்கிறது என்பதற்காக உடனே புதியது வாங்கப் போக வேண்டாம். தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் கூலன்டுக்குப் பதிலாகக் காற்று நின்றால் மெழுகுக்குச் சூடு சரியாக எட்டாது, நல்ல தெர்மோஸ்டாட்டும் திறக்காது. முதலில் கூலன்ட் அளவு, அப்புறம் காற்று, அப்புறம்தான் தெர்மோஸ்டாட்.

கழற்றிவிட்டேன். நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பாத்திரம், தண்ணீர், தெர்மாமீட்டர், ஒரு நூல். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே வால்வை விரலால் அழுத்தி, இடுக்கில் நூலின் நுனியைச் செருகிவிட்டால் வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். அதைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. தெர்மாமீட்டரும் அடியைத் தொடக் கூடாது. மெதுவாகச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே இருங்கள். நூலிலிருந்து தெர்மோஸ்டாட் நழுவி விழும் நொடியில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் அது திறக்கத் தொடங்கும் சூடு. விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணுக்கு ஓரிரு டிகிரிக்குள் வந்தால் நல்லது.

அதோடு நிறுத்தக் கூடாது. இன்னும் 10 டிகிரி ஏற்றி முழுதாகத் திறக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் சமதளத்தில் காட்டிக்கொடுக்காது, மேட்டில்தான் காட்டும். பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டு இடுக்கில்லாமல் மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 95 டிகிரி எழுதியதாக இருந்தால் தண்ணீர் 100-ல் கொதித்துவிடும், அதனால் திறக்கத் தொடங்குவதை மட்டுமே இந்த முறையில் பார்க்க முடியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டே ஓட்டினால் என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். செய்யாதீர்கள்.

முதலில் சொன்ன கீழ்த்தட்டை நினைவில் வைத்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸை அடைத்து, கூலன்டை ரேடியேட்டர் பக்கம் தள்ளும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீர் எளிதான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களை விட பைபாஸ் எளிதான வழி. கூலன்டில் ஒரு பங்கு ஆறாமலே மறுபடி இன்ஜினுக்குள் போகும். காலியாக, சமதளத்தில் போகும்போது முள் கீழேயே நிற்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். முழு லோடோடு நீண்ட ஏற்றத்தில் அதே வண்டி முன்பை விட மோசமாக ஹீட் ஆகும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வண்டியில் இப்படிக் கழற்றி அனுப்பி, ஹெட் வளைந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் அடைப்புதான் உண்மையான காரணம். தெர்மோஸ்டாட்டை எடுத்ததால் அந்தக் காரணம் சில வாரம் கண்ணில் படாமல் போனது.

பைபாஸை அடைக்கும் தட்டு இல்லாத இன்ஜின் என்றாலும் கழற்றி ஓட்டுவது நல்லதில்லை. இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கே வராது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் டீசல் முழுதாக எரியாமல் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) ரிங்கும் சீக்கிரம் தேயும், டீசல் செலவு கூடும். புகை வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில் அந்த வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளவும் இன்ஜின் போதுமான சூட்டில் இருக்க வேண்டும்.

அப்படியானால் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் ஹீட் குறையுமா?

குறையாது. தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது இன்ஜினின் குறைந்தபட்சச் சூட்டை. முழுதாகத் திறந்த பிறகு 71 டிகிரி தெர்மோஸ்டாட்டும் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் ஒரே மாதிரிதான், இரண்டுமே திறந்த கதவு. அதற்குமேல் எவ்வளவு சூடு வெளியேறும் என்பது ரேடியேட்டர், ஃபேன், பம்ப் இவற்றின் கையில். 100 டிகிரிக்கு ஏறும் வண்டி இரண்டு தெர்மோஸ்டாட்டிலும் 100-க்குத்தான் ஏறும், குறைந்த டிகிரியில் அங்கே போய்ச் சேர இன்னும் சில நிமிடம் ஆகும், அவ்வளவே. மற்ற நேரமெல்லாம் இன்ஜின் தேவைக்குக் குறைந்த சூட்டில் ஓடித் தேயும்.

ரேடியேட்டர் வெளியே சுத்தமாகத் தெரிகிறதே?

முன்னால் நின்று பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ரேடியேட்டரே இல்லை. லாரியில் ஏசி கண்டென்சர், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றை ஆற்றுவது), ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். தூசியும் பூச்சியும் வைக்கோல் துணுக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும். இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, காற்று வந்த திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகப் போகும். அழுத்தம் குறைவாக, நேராக. கோணலாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைபடும்.

உள் அடைப்புக்கு: இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டரின் முகப்பில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். சூடு படிப்படியாகக் குறைந்தால் சரி. நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அங்குள்ள குழாய்களில் கூலன்ட் ஓடவில்லை.

ஃபேன் சுற்றுகிறது. போதாதா?

போதாது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதே கேள்வி. சிலிகான் ஆயில் வைத்த விஸ்கஸ் கிளட்ச் கெட்டாலும் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நன்றாகச் சூடேறிய இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் தள்ளுங்கள். இறுக்கமாக நின்றுவிட வேண்டும். காற்றாடி மாதிரி பல சுற்று போனால் கிளட்ச் போய்விட்டது. கிளட்சின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தாலும் அதே முடிவுதான். காற்றழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் என்றால் காற்றுக் குழாய், சோலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு), அதற்கு உத்தரவு தரும் சென்சார் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடிக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு?

கொதிநிலையை உயர்த்துவது அதுதான். சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் மூடிக்குள் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும், கூலன்ட் 100-ஐ ஒட்டியே கொதித்து வழியும். மூடிக்குள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் சின்ன வால்வும் உண்டு. அது ஒட்டிக்கொண்டால் இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ்கள் சப்பையாகும். ஆறிய வண்டியில் காலையில் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால் மூடியை மாற்றுங்கள், அதே அழுத்த எண் உள்ளதாக. அதிக எண் போட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், பழைய ரேடியேட்டரும் ஹீட்டர் குழாயும் அதைத் தாங்காது.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, ஒழுகல் எங்கும் தெரியவில்லை. எங்கே போகிறது?

ஹெட் கேஸ்கெட் என்று எல்லோரும் சொல்வார்கள். லாரியில் அதற்கு முன் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஈஜிஆர் கூலர். புகையைக் கூலன்டால் ஆற்றும் இந்தப் பெட்டி உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு ஆவியாகிப் போய்விடும், தரையில் ஒரு சொட்டு விழாது. இன்னொன்று, பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரசர். அதன் ஹெட்டும் பல வண்டிகளில் இன்ஜின் கூலன்டால்தான் ஆறுகிறது. கம்ப்ரசரின் கேஸ்கெட் போனால் அழுத்தக் காற்று கூலன்டுக்குள் புகுந்து, எக்ஸ்பான்ஷன் டேங்கில் குமிழி கிளம்பி, கூலன்டை வெளியே தள்ளும். பார்க்க அச்சு அசலாக ஹெட் கேஸ்கெட் போன மாதிரியே இருக்கும். ஹெட்டைப் பிரிக்கும் முன் கம்ப்ரசரின் கூலன்ட் ஹோஸ்களைத் தற்காலிகமாகத் தனிமைப்படுத்தி, சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் பெரிய செலவு ஒன்று தப்பியது.

இந்த இரண்டும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டுக்கு வரலாம். எரிந்த வாயு கூலன்டில் இருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதிக்கலாம். ஈஜிஆர் கூலர் விரிசலிலும் அந்த நிறம் மாறலாம் என்பதால் அதை முதலில் விலக்கியிருக்க வேண்டும். ஆயில் கம்பியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் வண்டியை இன்னொரு கிலோமீட்டர் கூட ஓட்ட வேண்டாம்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது எதையெல்லாம் பொருத்திப் பார்க்க வேண்டும்?

வண்டியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு இன்ஜின்கள் இருக்கும், ஒரே இன்ஜினிலும் இடையில் ஹவுசிங் மாறியிருக்கும். இன்ஜின் பிளேட்டில் உள்ள சீரியல் எண்ணைக் கொண்டு பார்ட் நம்பரைக் கண்டுபிடிப்பதுதான் சரியான வழி.

பழையதும் கையில் இருக்கட்டும், அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் விளிம்பில் பொறித்த சூடு. சிலவற்றில் செல்சியஸ், சிலவற்றில் ஃபாரன்ஹீட் இருக்கும்: 160 என்றால் 71, 170 என்றால் 77, 180 என்றால் 82, 190 என்றால் 88, 203 என்றால் 95 டிகிரி செல்சியஸ். ஆனால் பழையதில் உள்ள எண்ணே சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்பு யாராவது தவறானதைப் போட்டிருக்கலாம். கையேடுதான் கடைசி வார்த்தை.

அடுத்து விளிம்பின் விட்டம், மொத்த உயரம், கீழ்த்தட்டின் விட்டம். உயரத்தில் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் கீழ்த்தட்டு பைபாஸை எட்டாது. மேலே பார்க்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே பைபாஸ் திறந்தே கிடக்கும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓட்டுகிற அதே கதைதான். வெளிச்சந்தைப் பாகம் வாங்கியவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இது. வால்வு முழுதாகத் திறக்கும் வாயின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். அப்புறம் காற்று போக விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடும் ஊசி. பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும், பழையதில் இல்லையென்றால் நீங்களாகத் துளை போட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகு, புதியது என்று நம்பி அப்படியே மாட்டாமல் அதையும் ஒரு தடவை வெந்நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

என் இன்ஜினில் இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கிறது. கெட்டதை மட்டும் மாற்றலாமா?

இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாள் போட்டவை, ஒரே அளவு உழைத்தவை. இரண்டும் ஒரே சூட்டில் திறப்பவையா, கொஞ்சம் வித்தியாசமாக அடுத்தடுத்துத் திறப்பவையா என்பதைப் பார்ட் நம்பரில் கவனியுங்கள். இரண்டாம் வகையாக இருந்தால் எந்தக் குழியில் எது என்பதைக் கழற்றும்போதே குறித்து வையுங்கள்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

மெழுகுக் குடுவை இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சூடு அதற்குச் சரியாக எட்டாது. காற்று ஓட்டை உள்ளது என்றால் அது மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் வர வேண்டும். சில லாரி இன்ஜின்களில் ஹவுசிங்குக்குள் தனியாக ஒரு ரப்பர் சீல் அழுத்தி மாட்டியிருப்பார்கள். பழைய சீலை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது, செய்யக் கூடாது. சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கவனித்துப் புதியதை அதே மாதிரி நேராக அழுத்துங்கள்.

சிலிகான் பேஸ்ட்டை அள்ளித் தடவாதீர்கள். உள்ளே பிதுங்கிய துண்டு பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ கொடுத்திருந்தால் அது மட்டும் போதும்.

காற்றை எப்படி முழுதாக வெளியேற்றுவது?

மெதுவாக ஊற்றுவதுதான் ரகசியம். கேபின் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, இன்ஜினில் காற்று விடும் திருகுகள் இருந்தால் தளர்த்தி, அங்கே குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை ஊற்றி மூடுங்கள். ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் திறக்கும் வரை, அதாவது மேல் ஹோஸ் சூடேறும் வரை ஓடவிடுங்கள். முழுதாக ஆறிய பிறகு அளவு இறங்கியிருக்கும், நிரப்புங்கள். முதல் பயணம் முடிந்து ஆறியதும் இன்னொரு தடவை பாருங்கள்.

கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர்?

வழியில் அவசரத்துக்கு ஊற்றி வண்டியைச் சேர்க்கலாம். தொடர்ந்து ஓட்டக் கூடாது. தண்ணீர் சூட்டை நன்றாகவே வாங்கும், ஆனால் துரு பிடிக்கும், உப்புப் படியும், கொதிநிலையும் குறைவு. டீசல் இன்ஜினுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து லைனரில் இருக்கிறது. கூலன்டில் நனைந்து நிற்கும் லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிரும். அந்த அதிர்வில் வெளிச்சுவரில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடையும், ஒவ்வொன்றும் இரும்பைத் துளித்துளியாகக் கொத்தும். நாளடைவில் லைனரில் ஊசி ஓட்டை விழும். கனரக டீசலுக்கான கூலன்டில் இதைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது.

இன்ஜின் கையேடு சொல்லும் வகைக் கூலன்டை, கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு வகையைக் கலக்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை.

முள் ஏறவே மாட்டேன் என்கிறது. அதுவும் தெர்மோஸ்டாட்டா?

பெரும்பாலும் ஆமாம். திறந்தபடியே சிக்கியிருக்கும், அல்லது சீல் வழியே கசியும். ஹீட்டரில் சூடு வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஹீட் ஆகவில்லையே என்று இதை விட்டுவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடுவதன் தேய்மானம் அத்தனையும் இங்கேயும் உண்டு.

கம்ப்யூட்டரில் வரும் கோளாறுக் குறியீடு (கோடு) எதைச் சொல்கிறது?

கனரக வண்டிகளில் எஸ்பிஎன் என்ற எண் எதில் கோளாறு என்பதையும், எஃப்எம்ஐ என்ற எண் என்ன மாதிரிக் கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 110 என்பது கூலன்ட் சூடு, எஸ்பிஎன் 111 கூலன்ட் அளவு. 110-உடன் எஃப்எம்ஐ 0 வந்தால் சூடு அபாய அளவைத் தாண்டியிருக்கிறது. சிறிய வண்டிகளில் பி0128 வந்தால் இன்ஜின் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை, திறந்து சிக்கிய தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான். 110 வந்த வண்டியில் 111-ம் சேர்ந்து வந்திருந்தால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள்.

எல்லாம் மாற்றியும் லோடில் ஹீட் ஆகிறது. இனி எங்கே பார்ப்பது?

வாட்டர் பம்பைக் கழற்றி அதன் விசிறியைக் கண்ணால் பாருங்கள். வெளியே ஒழுகாத பம்பிலும் விசிறி அரித்துப் பாதியாகியிருக்கும், தண்டில் நழுவிச் சுற்றும். அதுவும் நன்றாக இருந்தால் கூலிங் அமைப்பை விட்டு வெளியே வாருங்கள். பிரேக் இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டி இழுக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்டர்கூலர் ஹோஸில் காற்று கசிகிறதா, இன்ஜெக்டர் அதிகமாக ஊற்றுகிறதா என்று பாருங்கள். இவை ஒவ்வொன்றும் அதே வேலைக்கு இன்ஜினை அதிகச் சூட்டில் ஓட வைக்கும். பிரேக்குக்குச் சுலபமான சோதனை உண்டு: கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்மையும் அதே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள்.